இடப்பக்கத்துக் கண்ணாடி

கேட் போட்டுவிட்டார்கள் என்று தெரிந்ததும் சண்முகத்தாய் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. சைக்கிளை வேப்பமரத்து ஓரம் சாத்திவிட்டு, கூட்டமெல்லாம் கலைந்த பிறகு சாவகாசமாகத் தண்டவாளத்தைக் கடந்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. கேரியரின் இரண்டு பக்கமும் இட்லிமாவு வாளி தொங்க, லாரிக்கும் காருக்கும் நடுவே கிடந்த சந்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நுழைந்துவிட்டாள். நுழைந்தவளுக்கு முன்னால் பால்கேன் கட்டிய ஒரு மோட்டார்சைக்கிள் லாரியின் மூக்கைச் சுற்றி வந்து குறுக்கே சொருகிக்கொண்டது. பின்னால் திரும்பிப் பார்த்தால் அதற்குள் இரண்டு ஸ்கூட்டர். இடது தோளுக்குப் பக்கத்தில் லாரியின் பக்கப் பலகை, வலது முழங்கைக்குப் பக்கத்தில் காரின் கதவு. சைக்கிளைச் சாய்க்கக்கூட இடமில்லை. அதுவாகவே நின்றது. கையை எடுத்தாலும் விழாது என்று தோன்றியது, ஆனால் எடுக்கவில்லை. வாளிக்குள் மாவு இருந்தது. வெயில் வாளியின் மேல் நேராக விழுந்தது. இந்த வெயிலுக்கு மாவு சும்மா இருக்குமா, உள்ளே அது மூச்சுவிட ஆரம்பித்திருக்கும், மூடியைக் கீழிருந்து மெல்ல முட்டும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கித்தான் கட்டியிருந்தாள். கட்டினால் கேட்குமா மாவு. சாயங்காலப் பலகாரத்துக்குக் காத்திருக்கும் ஓட்டல்காரர் மூடியைத் திறந்ததும் மூக்கைச் சுருக்குவார், அந்தச் சுருக்கம் ராத்திரி வரைக்கும் இவள் கூடவே வரும். வீட்டில் கிரைண்டரை அணைத்தோமா? அணைத்தோம். சுவிட்சைத் தட்டியது ஞாபகம் இருக்கிறது. அது நேற்றுத் தட்டியதாகவும் இருக்கலாம். வீட்டுக்காரர் அங்கேதான் இருக்கிறார், காலை நீட்டிக்கொண்டு நாற்காலியில், ஆனால் கண்ணயர்ந்துவிட்டால் கிரைண்டர் என்ன, கூரையே பறந்தாலும் தெரியாது. கிரைண்டர் ஓடும் சத்தம்தான் அவருக்குத் தாலாட்டு. அது நின்றால்தான் விழித்துக்கொள்வார்.

ரயில் வருகிற அறிகுறியே இல்லை. எதிர்ப்பக்கமும் இதே கதைதான், ரோட்டின் இரண்டு பாதியையும் அடைத்துக்கொண்டு முட்டுக்கு முட்டாக நின்றார்கள். இவர்கள் போக வேண்டிய இடத்தில் அவர்கள் நின்றார்கள், அவர்கள் வரவேண்டிய இடத்தில் இவர்கள். கேட் தூக்கினால் யார் எங்கே போவது? தினம் நடக்கிற கூத்துதான், தினமும் யாருக்கும் இது தோன்றுவதில்லை. காரின் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அனல் முழங்காலில் அடித்தது. கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு உள்ளே குளுகுளுவென்று உட்கார்ந்திருப்பான் போல. கதவுக் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தான், குனிந்து உற்றுப் பார்த்தால்தான் அந்தப் பக்கம் ஓர் இளவட்டம் இருப்பது மங்கலாகத் தெரிந்தது. போன் கையில். பேசவில்லை, எதையோ பார்த்துக்கொண்டிருந்தான், பார்த்துவிட்டுத் தனியாகச் சிரித்தான். காரின் முன்மூலையில் இடதுபக்கத்து விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. கேட்டைத் தாண்டியதும் இடது பக்கம் திரும்பப் போகிறான். இவள் நேரே போகவேண்டும். இவள் அவனுக்கு இடதுபக்கம் நிற்கிறாள். இதை அவள் ஒரு வரிசையாக யோசிக்கவில்லை. விளக்கு மினுங்குவதையும் தன் முழங்காலையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம்தான் காரின் பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். அது கதவோடு ஒட்டி மடங்கிக் கிடந்தது. அதை மடக்கியது அவள்தான்.

நுழையும்போது கண்ணாடி காது மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சைக்கிள் கைப்பிடி அதில் முட்டியது. முட்டினால் கீறும், கீறினால் அவன் இறங்குவான், இறங்கினால் வார்த்தை வரும். அதனால் உள்ளங்கையை வைத்து மெதுவாக உள்ளே தள்ளினாள், கட்டக் என்று மடங்கிக்கொண்டது. கைப்பிடி போயிற்று, கூடவே அவளும் போனாள். எல்லாரும் செய்கிறதுதான். கூட்டத்துக்குள் போகிற சைக்கிள்காரன், பைக்குக்காரன் எவனும் மடக்கிவிட்டுத்தான் போவான், கொஞ்சம் மரியாதை தெரிந்தவனாக இருந்தால் தாண்டியதும் திரும்பி விரித்து வைப்பான். விரித்து வைக்கலாம் என்றுதான் அவளும் நினைத்தாள். கையும் எட்டியது. எட்டுவது என்ன, நெஞ்சுக்கு நேரேதான் இருந்தது. ஆனால் அது விரிய வேண்டிய இடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவள் நகர்ந்தால்தான் அது விரியும். அவளால் நகர முடிந்தால் அது விரிய வேண்டிய அவசியமே இல்லை. இந்த இடத்தில் வந்து புத்தி நின்றது, மறுபடி முதலிலிருந்து போயிற்று, மறுபடி இதே இடத்தில் வந்து நின்றது. செக்குமாடு மாதிரி. அவன் போனை வைத்துவிட்டு நிமிர்ந்தால் எதைப் பார்ப்பான்? இடதுபக்கம் ஒரு பார்வை பார்ப்பான். அங்கே கண்ணாடி இருக்காது. இருக்காது என்பதைக்கூட அவன் கவனிக்கமாட்டான். ஆள் இல்லை என்று நினைப்பான்.

ஆள் இல்லை. இதை வேறு ஒருவர் வாயால் கேட்டிருக்கிறாள். கேட்டபோது ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி அவர் முகத்துக்கு நேரே வீசியிருக்கிறாள். அது கீழத்தெருவில் கோடை முழுக்கத் தண்ணீர் வராமல் போன வருஷம். இதே கேட்தான். இவர், கொம்பையா, அப்போது பேக்கரியிலிருந்து பன்னும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு போய் டீக்கடைகளுக்குப் போடுவார், தகரப்பெட்டி கட்டிய இதே சைக்கிளில். கேட் திறந்து, ஒரு வாடகைக்கார் இடதுபக்கம் திரும்ப, உள்ளே இவரைச் சேர்த்து நசுக்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே வலதுகால் இனிமேல் பழைய கால் இல்லை என்று டாக்டர் சொன்னார். காரை ஓட்டி வந்தவர் பால்துரை. ஆஸ்பத்திரி வராந்தாவில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, போனில் பேசிக்கொண்டிருந்தது தன் தப்புதான் என்று அவராகவே ஒத்துக்கொண்டார். ஆனால் மற்றதையும் சொன்னார். கேட் தூக்கியதும் சைக்கிள்காரருக்குக் கையைக் காட்டி முன்னால் போகச் சொன்னாராம். அவருக்காக நின்றாராம். அப்புறம் இடப்பக்கத்துக் கண்ணாடியில் பார்த்தாராம், ஆள் இல்லையாம், போய்விட்டார் என்று நினைத்துத்தான் திருப்பினாராம். கண்ணில்லாதவனுக்கு எதற்கு வண்டி என்று இவள் கத்தியது வராந்தா முழுக்கக் கேட்டது. பன் எல்லாம் ரோட்டில் உருண்டு கிடந்ததாம், ஆட்கள் மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போனார்களாம். அதை யார் சொன்னது என்று இப்போது ஞாபகமில்லை. அவள் பார்த்ததாகவே ஞாபகத்தில் இருக்கிறது. வெள்ளை வெள்ளையாக, வட்டமாக.

எங்கேயோ தூரத்தில் ஒரு ஊதல். பால்கேன்காரன் தலையைத் தூக்கினான், பிறகு தொங்கப்போட்டுக்கொண்டான். லாரியின் மேலே கிளீனர் பையன் யாரிடமோ இது சரக்குவண்டிதான், ஊரளவு நீளம் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். மாவு வாடை வந்தது. லேசாக, இனிப்பும் புளிப்புமாக. வெளியே வந்துவிட்டதா? கழுத்தைத் திருப்பிப் பார்த்தாள், வலதுபக்க வாளியின் மூடி ஓரத்தில் வெள்ளையாக ஒரு சொட்டு துளிர்த்திருந்தது. அதைத் துடைக்க வேண்டும் போலிருந்தது. கை போகவில்லை. கை கைப்பிடியிலேயே இருந்தது, உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. காரைத் தட்டினால் என்ன? தட்டிச் சொன்னால் என்ன? என்ன என்று சொல்வது? அவனை எப்படிக் கூப்பிடுவது? சார் என்று கூப்பிட்டால் சைக்கிள்காரிக்கு என்ன வேணுமாம் என்று பார்ப்பான். தம்பி என்றால் காருக்குள் இருக்கிறவனைத் தம்பி என்கிறாளே என்று நினைப்பான். ஆறாப்போடு நின்றவள், ஒருத்தரிடம் ஒரு பேச்சைத் தொடங்குவதற்குள் அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். தங்கச்சி கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் சாம்பாரில் உப்பில்லை என்று தெரிந்தும் சொல்லாமல் இருந்தவள் அவள். சொல்லியிருந்தால் போட்டிருப்பார்கள். எல்லாரும் உப்பில்லாமலே தின்று, நல்லாருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

கண்ணாடியை மடக்கச் சொல்லிக்கொடுத்தது யார்? இவர்தான். கல்யாணமான புதிதில், முன்கம்பியில் இவளை உட்காரவைத்து ஊர் சுற்றிய நாட்களில். தேர்த்திருவிழாக் கூட்டத்தில் வரிசையாகக் கார் நின்றது. இவர் சைக்கிளை நிறுத்தவே இல்லை, ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் ஒவ்வொரு காரின் கண்ணாடியாக மடக்கிக்கொண்டே போனார், கட்டக், கட்டக், கட்டக் என்று. இவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. திரும்ப விரிச்சு வைக்கணும்லா என்று கேட்டாள். "அவன் கைய என்ன வாடகைக்கா விட்டிருக்கான்? விரிச்சுக்கிடுவான், நீ பேசாம வா" என்றார். எவ்வளவு அழகாகச் சிரிப்பார் அப்போது. ரொட்டி போடுகிற வேலைக்குப் போன பிறகும் அப்படித்தான். பெட்டி அகலம், கேட்டில் நின்றால் நேரமாகும், டீக்கடைக்காரன் வேறு ஆளிடம் வாங்கிவிடுவான், அதனால் சந்து கிடைத்த இடத்தில் மடக்கிக்கொண்டு நுழைந்து முன்வரிசைக்குப் போய்விடுவேன் என்று பெருமையாகச் சொல்வார். நம்மளைக் கண்டாலே கேட்டுல நிக்கிற காரெல்லாம் காதை மடக்கிக்கிடும்ட்டி என்பார்.

ரயில் வந்துவிட்டது. சத்தம் முதலில் தரையில் வந்தது, சைக்கிளின் கம்பி வழியாகக் கைக்கு ஏறியது, வாளி நடுங்கியது, காரின் கதவு நடுங்கியது, மடங்கிக் கிடந்த கண்ணாடியும் கதவோடு ஒட்டி நடுங்கியது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது, கரியா மண்ணா தெரியவில்லை, காற்று முகத்தில் அறைந்தது. அந்தச் சத்தத்துக்குள் போலீஸ் ஸ்டேஷன் வாசல் ஞாபகத்துக்கு வந்தது. அவள் கூப்பிடவில்லை, அதுவாக வந்தது. விபத்துக்கு மறுநாள் அங்கே கைநாட்டோ கையெழுத்தோ போடப் போனபோது, மரத்தடியில் அந்த வாடகைக்கார் நின்றது. வெள்ளைக் கார். முன்னால் ஒரு நெளிசல். வலதுபக்கக் கண்ணாடி விரிந்திருந்தது. இடதுபக்கக் கண்ணாடி கதவோடு ஒட்டி மடங்கியிருந்தது. ஒரு காதை மட்டும் மடித்துக்கொண்டு நிற்கிற மாடு மாதிரி இருக்கிறதே என்று அழுகைக்கு நடுவில் அவளுக்குத் தோன்றியது. இந்த நேரத்தில் இப்படித் தோன்றுகிறதே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அதோடு விட்டுவிட்டாள். அதற்கப்புறம் அந்த மாட்டை அவள் நினைக்கவே இல்லை. இல்லை, நினைத்திருக்கிறாள். ராத்திரி கிரைண்டர் ஓடும்போது, குழவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, அது வரும், வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும், இவள் அரிசியை அள்ளிப் போடுவாள், அது போய்விடும். இப்போது போகவில்லை. பெட்டிகள் போய்க்கொண்டிருந்தன. ஸ்டேஷனில் யாராவது மடக்கியிருப்பார்கள். போலீஸ்காரர் நிறுத்தும்போது மடக்கியிருப்பார். ஒரு பக்கத்தை மட்டுமா? மோதினபோது மடங்கியிருக்கும். மோதினது முன்பக்கம். வீட்டில் இவர் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எங்கே தொடங்குவார்? கையைக் காட்டினான், போன்னு கையைக் காட்டிட்டு ஏத்துனான் பாவி, என்றுதான் தொடங்குவார். வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் அங்கேதான் தொடங்குவார். அதற்கு முன்னால் முன்வரிசைக்கு எப்படி வந்தார் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டவர்களும் கேட்டதில்லை. இவளும் கேட்டதில்லை. அப்படியென்றால் அந்த மனுஷன் கையைக் காட்டியதும் நிஜம். பார்த்ததும் நிஜம். மடங்கின கண்ணாடியில் ஆள் தெரியாததும். போதும், போதும் என்று பல்லைக் கடித்தாள். இதைக் கொண்டுபோய் வீட்டில் எங்கே வைப்பது? அந்தக் கதை ஒன்றுதான் அந்த நாற்காலியில் அவருக்கு மிச்சம்.

கடைசிப் பெட்டி போனதும் காது அடைத்த மாதிரி ஒரு அமைதி. அந்த நொடியிலேயே எல்லா வண்டியும் ஒன்றாக உறுமியது. கேட் இன்னும் எழும்பவில்லை, அதற்குள் ஹாரன். லாரி ஒருமுறை குலுங்கி மூச்சுவிட்டது, பலகை இவள் தோளில் உரசியது. எழும்பு, எழும்பாதே, எழும்பு. இவள் வேண்டிக்கொண்டது எதை என்று அவளுக்கே தெரியவில்லை. விரலை மடக்கிக் கதவுக் கண்ணாடியில் தட்டினாள். கேட்கவில்லை. மறுபடி தட்டினாள், இந்தத் தடவை எலும்பு வலிக்க. கறுப்புத் தாளுக்கு அந்தப் பக்கம் இளவட்டத்தின் தலை பாதி திரும்பியது. போன் இப்போது காதில் இருந்தது. அவன் சிரித்தான், நல்ல முகம்தான், வீட்டில் நன்றாக வளர்த்திருக்கிறார்கள். கையைத் தூக்கி முன்பக்கம் ஆட்டினான். போங்க, நீங்க முதலில் போங்க, நான் நிற்கிறேன். அதே கை. அவள் அந்தக் கையை முன்பின் பார்த்ததில்லை, ஆனால் இவர் வாயால் கேட்டுக் கேட்டு அதன் ஐந்து விரலும் அவளுக்கு மனப்பாடம். ஆட்டிவிட்டு மறுபடி போனுக்குள் போய்விட்டான். மரியாதையைச் செய்தாயிற்று, இனி அவன் பாடு அவனுக்கு. கேட் அசைந்தது. மேலே போயிற்று. பால்கேன்காரன் ஒரே தாவாகத் தாவிப் போனான், முன்னால் வழி திறந்தது, பின்னால் ஸ்கூட்டர் போம்மா போம்மா என்று அலறியது. கால் பெடலுக்குப் போயிற்று. அதுவாகவே போயிற்று. ஒருத்தர் போகச் சொன்னால் போவதுதான் கால். ஒரு மிதி மிதித்தால் அவன் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் இருப்பாள். அன்றைக்கு இவரும் அங்கேதான் இருந்திருப்பார்.

அவள் காலைக் கீழே ஊன்றினாள். முதுகை லாரிப் பலகையோடு ஒட்டவைத்து, வயிற்றை எக்கி, சைக்கிளைத் தன்மேலேயே சாய்த்துக்கொண்டு, விரல் நுனியைக் கண்ணாடியின் விளிம்புக்குள் கொடுத்து இழுத்தாள். கட்டக் என்று பாதிதான் விரிந்தது. மீதி விரிய அவள் விலா எலும்பு இடம் கொடுக்கவில்லை. பாதி விரிந்த கண்ணாடிக்குள் லாரியின் ஆணிகள் தெரிந்தன, அவள் தாடை தெரிந்தது, அப்புறம் மேலே ஒரு ஜோடிக் கண். சத்தம் கேட்டு நிமிர்ந்திருக்கிறான். கதவுக் கண்ணாடி இறங்கியது. குளிர்ந்த காற்று அவள் முகத்தில் பட்டது, பூ வாசனை மாதிரி ஏதோ.

"என்னம்மா, கண்ணாடிய என்ன பண்ணுதீங்க?"

"நாந்தான் மடக்கினேன், தம்பி" என்றாள். தம்பி என்றே வந்துவிட்டது. "இப்படி இருந்தா நீங்க பாத்தாலும் நான் தெரிய மாட்டேன்."

அவனுக்குப் புரியவில்லை. சரி சரி, போங்க, அதான் நிக்கேன்லா என்றான். மறுபடி அந்தக் கை எழும்பியது.

"நான் போகலை. நீங்க போங்க. போனை வச்சிட்டுப் போங்க."

சொன்னது அவள் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. பின்னால் ஸ்கூட்டர்காரன் ஏதோ வைதான், அந்தக் கிழவிக்குக் காது கேக்கலையா என்றோ என்னவோ. இளவட்டம் அவளை ஒரு மாதிரி பார்த்தான், அப்புறம் வைக்கிறேன் என்று போனில் சொல்லிவிட்டு அதை மடியில் போட்டான். காரை நகர்த்தினான். கண்ணாடி அவள் விலாவை உரசிக்கொண்டு போனது, ரவிக்கைக்கு மேலே நெருப்பு இழுத்த மாதிரி இருந்தது. தண்டவாளம் தாண்டியதும் முன்சக்கரம் இடதுபக்கம் மடங்குவதை அவள் பார்த்தாள். சாவகாசமாக, எதிர்வரிசை ஒதுங்கி ஆளில்லாமல் விட்ட தார்ரோட்டில் மடங்கியது. இவள் இருந்திருக்க வேண்டிய இடத்தைத் தேய்த்துக்கொண்டு திரும்பிப் போயிற்று.

லாரியும் ஸ்கூட்டரும் போன பிறகுதான் சைக்கிளைத் தள்ளினாள். ஏறவில்லை, தள்ளிக்கொண்டே போனாள். வாளி ஓரத்துச் சொட்டு ஒரு கோடாக வழிந்து காய்ந்திருந்தது. கேட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்தில் வண்டி கழுவுகிற ஷெட். அங்கேதான் பால்துரை இருக்கிறார். அந்த நாளுக்குப் பிறகு அவராகவே ஸ்டியரிங்கைத் தொடுவதை விட்டுவிட்டார் என்றார்கள். பெரிய டியூபைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் ஓட்டி வரும் வண்டிகளுக்குத் தண்ணீர் அடிப்பார். இவள் வருவதைத் தூரத்திலேயே கண்டுவிட்டால் டியூபை இரண்டாக மடித்துப் பிடித்துக்கொள்வார், தண்ணீர் நின்றுவிடும், ரோட்டில் ஒரு துளி தெறிக்காது. தலையைக் குனிந்துகொண்டு இவள் போகிறவரை அப்படியே நிற்பார். செய்த பாவம் குனிய வைக்கிறது என்று நினைத்துக்கொண்டு இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவாள். ஆரம்பத்தில் காறித் துப்பிவிட்டுப் போவாள். நேராகப் போய்விடலாம். இன்றைக்கும் நேராகப் போய்விடலாம், மாவு கெட்டுக்கொண்டிருக்கிறது, வீட்டில் இவர் நாற்காலியில் இருக்கிறார், இதைச் சொன்னால் இவரைக் குற்றம் சொன்னதாகும், சொல்லாவிட்டால் பழி பால்துரை தலையிலேயே கிடக்கும், வேறு வழியாக ஓட்டலுக்குப் போக ரோடு கிடையாது, இருந்தது இந்த ஒரு ரோடுதான்.

பால்துரை பார்த்துவிட்டார். டியூபை மடித்துக்கொண்டார். தலை குனிந்தது. சண்முகத்தாய் ஷெட்டுக்கு நேரே வந்தாள். நின்றாள். டியூபின் மடிப்புக்குப் பின்னால் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது, மடிப்பின் ஓரத்தில் ஊசி மாதிரி ஒரு துளி பீறியது. ஏன் போகாமல் நிற்கிறாள் என்று அவருக்குப் புரியவில்லை. முகத்தைத் தூக்காமலே இன்னொரு கையை மெல்ல உயர்த்தி முன்பக்கம் ஆட்டினார். போங்க, போங்க.

அவள் போகவில்லை. இத்தனை வருஷமாக அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று யோசித்ததே இல்லை. பாவி என்ற ஒரு பெயர் போதுமானதாக இருந்தது.

"அண்ணாச்சி" என்றாள். "அன்னைக்கு உங்க கண்ணாடி மடங்கியிருந்துது."

டியூப் அவர் கையிலிருந்து நழுவியது.